சொல்லாமல் பறந்த ஷென்ஜோ, சொல்லிவிட்டுக் காத்திருக்கும் ககன்யான்

2003 அக்டோபர் 15ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு, கோபி பாலைவனத்தை ஒட்டிய ஜியுசுவான் ஏவுதளத்திலிருந்து லாங் மார்ச் 2எஃப் ராக்கெட் கிளம்பியது. சீன மக்கள் அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கவில்லை. நேரலை ஒளிபரப்பும் யோசனை கடைசி நேரத்தில் கைவிடப்பட்டிருந்தது. அதிபர் ஹூ ஜிந்தாவ் ஏவுதளத்துக்கே வந்திருந்தார்; இருந்தும், ஷென்ஜோ 5 கலம் சுற்றுப்பாதையைச் சேர்ந்துவிட்டது என்பது உறுதியான பிறகே படங்கள் வெளியே வந்தன. உள்ளே அமர்ந்திருந்த 38 வயது விமானப்படை அதிகாரி யாங் லிவெய்யின் பெயரைப் பெரும்பாலான சீனர்கள் அந்த வாரத்துக்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்ட் 15ஆம் தேதி, டெல்லி செங்கோட்டையிலிருந்து பிரதமர் மோடி ஓர் ஆண்டைக் குறித்துச் சொன்னார். சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டான 2022க்குள் இந்தியர் ஒருவர் கையில் மூவர்ணக் கொடியோடு விண்வெளிக்குப் போவார் என்பது அந்த வாக்குறுதி; திட்டத்தின் பெயர் ககன்யான். 2022 வந்தது, போனது. 2025இல் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் சொன்ன ஆண்டு 2027.

நடந்து முடிந்த ஒன்றை, இன்னும் தயாராகிக்கொண்டிருக்கும் ஒன்றோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். யார் முந்தினார்கள் என்று பார்ப்பதானால் ஒப்பிட எதுவுமில்லை. அந்தக் கணக்கு 2003லேயே தீர்ந்துவிட்டது. ஒரு வளரும் நாடு தன் சொந்த ராக்கெட்டில், சொந்தக் கலத்தில், சொந்த மனிதரை அனுப்ப என்னென்ன ஏற்பாடு செய்கிறது, எதை வெளியே வாங்குகிறது, எதற்கு அஞ்சுகிறது, எத்தனை முறை ஒத்திகை பார்க்கிறது என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கு இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

இரு நாடுகளும் ஒரே ஆசையை ஒருமுறை கைவிட்டவைதான். சீனா தன் முதல் செயற்கைக்கோளை 1970 ஏப்ரலில் ஏவியது. அதே ஆண்டு ஜூலையில் ஷுகுவாங் என்ற பெயரில் மனிதரை அனுப்பும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 19 விமானிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கலாச்சாரப் புரட்சியின் குழப்பமும் பணத் தட்டுப்பாடும் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளில் அதை மூடிவிட்டன. இந்தியாவின் கதை வேறு. மனிதரை விண்வெளிக்கு அனுப்புவதில் பணக்கார நாடுகளோடு போட்டி போடும் எண்ணம் நமக்கு இல்லை என்பதை விக்ரம் சாராபாய் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். வானிலை, தொலைத்தொடர்பு, நிலவளம் ஆகியவையே இந்திய விண்வெளித் துறையின் நியாயங்களாக இருந்தன. அந்த நியாயத்தின் மேல் வளர்ந்த துறை, பிறகு மனிதரை அனுப்பப் புறப்பட்டபோது தன்னையே ஒருமுறை மறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சீனாவுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

இடையில் 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் சோயுஸ் கலத்தில் சல்யூத் 7 நிலையத்துக்குப் போய் ஏறக்குறைய எட்டு நாள் இருந்து வந்தார். அது பெரிய சம்பவம்தான். ஆனால் அதிலிருந்து ஒரு திட்டமும் கிளைக்கவில்லை. அமெரிக்க விண்ணோடத்தில் இன்சாட் செயற்கைக்கோளோடு போவதற்கு இஸ்ரோ பொறியாளர்கள் இருவர் தேர்வாகியிருந்தார்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் வெடித்ததோடு அதுவும் நின்றது. விருந்தாளியாகப் போய்வந்தவர்களால் வீடு கட்டும் வேலை தொடங்கிவிடாது. இதில் சீனா ஒரு விதத்தில் கொடுத்துவைத்தது என்றே நினைக்கிறேன்: அவர்களில் யாரும் அடுத்தவர் இருக்கையில் போகவில்லை, அதனால் தந்த இருக்கையோடு திருப்தி அடையும் வாய்ப்பும் இருக்கவில்லை.

சீனாவின் இரண்டாம் முயற்சி 1986 மார்ச்சில் நான்கு மூத்த விஞ்ஞானிகள் டெங் ஜியாவோபிங்குக்கு எழுதிய கடிதத்தில் தொடங்குகிறது. உயர் தொழில்நுட்பங்களில் பின்தங்கிவிடக் கூடாது என்ற அந்தக் கடிதம் 863 திட்டமாக உருவெடுத்தது. இறக்கையுள்ள விண்ணோடமா, பழைய பாணிக் கலமா என்ற வாக்குவாதம் சில ஆண்டுகள் நீடித்து, கலமே போதும் என்று முடிந்தது. 1992 செப்டம்பர் 21ஆம் தேதி 921 திட்டம் ஒப்புதல் பெற்றது. அதில் மூன்று படிகள் இருந்தன: முதலில் மனிதர் செல்லும் கலம், அடுத்து சிறிய ஆய்வுக்கூடம், கடைசியில் நிரந்தர விண்வெளி நிலையம். யாங் லிவெய் பறப்பதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, அவர் பறந்த பிறகு என்ன செய்வது என்று எழுதி வைத்தாயிற்று. இந்த வரிசைதான் என் பார்வையில் இரு திட்டங்களுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய வேறுபாடு. இந்தியாவில் ககன்யான் ஒரு தனிச் சாதனையாக 2018இல் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு வரும் பாரதிய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியை உள்ளடக்கித் திட்டம் விரிவாக்கப்பட்டது 2024 செப்டம்பரில்.

ரஷ்யாவின் பங்கு ஒப்பீட்டில் மிகச் சுவையான பகுதி. 1990களின் தொடக்கத்தில் சோவியத் சிதறி, ரஷ்ய விண்வெளித் துறை சம்பளம் கொடுக்கவே திணறிக்கொண்டிருந்தது. அப்போது இந்தியாவும் சீனாவும் அதே கடைக்குப் போயின. இந்தியா கேட்டது கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பம். ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைக் காட்டி அமெரிக்கா அழுத்தம் கொடுத்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கி, தயாரான எஞ்சின்களை மட்டும் தருகிறேன், செய்யும் முறையைத் தரமாட்டேன் என்றது. சீனா கேட்டது வேறு: சோயுஸ் கலத்தின் அமைப்பு, உயிர்காப்பு ஏற்பாடு, இணைப்பு முறை, விண்வெளி உடை, பயிற்சி. 1995இல் அந்த ஒப்பந்தம் கைகூடியது. வூ ஜிய், லி சிங்லாங் என்ற இரு விமானிகள் மாஸ்கோவை அடுத்த நட்சத்திர நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பி, பிறகு மற்றவர்களுக்கு ஆசிரியர்கள் ஆனார்கள். ராக்கெட் எஞ்சின் ஆயுதமாகலாம் என்ற சந்தேகம் இருந்தது. மனிதர் அமரும் கலத்தின் மேல் அந்தச் சந்தேகம் விழவில்லை. ஒரே கடை, இரண்டு வருட இடைவெளி, ஒருவருக்குக் கதவு மூடியது, ஒருவருக்குத் திறந்தது.

அதன் விளைவு இன்றும் தெரிகிறது. எஞ்சின் தொழில்நுட்பம் மறுக்கப்பட்ட இந்தியா, நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் இருபது ஆண்டுகள் உழைத்து 2014 ஜனவரியில் சொந்தக் கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வியைப் பறக்கவிட்டது. ககன்யானைச் சுமக்கப்போகும் எல்விஎம்3 ராக்கெட்டின் மேல்நிலையில் இருக்கும் சிஇ-20 அடுத்த தலைமுறை; மனிதப் பயணத்துக்கான அதன் தரச் சோதனைகள் 2024 பிப்ரவரியில் மகேந்திரகிரியில் நிறைவுற்றன. இஸ்ரோவின் இன்றைய தலைவரே அந்தக் கிரையோஜெனிக் பட்டறையில் வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரர். மாறாக, இந்தியாவுக்கு ராக்கெட் கைவசம் இருந்தபோது கலத்தின் உள்ளே மனிதர் மூச்சுவிடும் ஏற்பாடு இல்லை. உயிர்காப்பு அமைப்பை வெளிநாட்டில் வாங்கிவிடலாம் என்று இஸ்ரோ முதலில் எண்ணியது. யாரும் தர முன்வராததால் நாமே செய்கிறோம் என்று அன்றைய தலைவர் எஸ். சோமநாத் 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். கரியமில வாயுவை உறிஞ்சி, ஈரத்தையும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் மூன்று பேருக்கு மூன்று நாள் சமமாக வைத்திருக்க வேண்டிய ஒரு பெட்டி, 640 டன் எடையுள்ள ராக்கெட்டைவிட அதிக காலத்தை விழுங்குகிறது. தாமதத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதை அரிதாகவே சொல்கிறார்கள்.

ராக்கெட்டுகளை ஒப்பிட்டால் இந்தியாவின் கை ஓங்கியிருக்கிறது என்பது என் துணிபு. லாங் மார்ச் 2எஃப் பழைய 2இ ராக்கெட்டின் வழிவந்தது. அந்த 2இ 1995 ஜனவரியில் செயற்கைக்கோளோடு வானில் சிதறி, கீழே இருந்த ஊரில் உயிர்ப்பலி வாங்கியது. அந்தப் பின்னணியோடுதான் 2எஃப் உருவானது. யாங் ஏறுவதற்கு முன் அது பறந்தது நான்கே முறை. எல்விஎம்3 அப்படியல்ல. 2014 டிசம்பர் சோதனையிலிருந்து 2023 ஜூலை சந்திரயான்-3 வரை ஏழு முறை பறந்து ஏழிலும் வென்றது. ஆனால் இரண்டு குறிப்புகள் சேர்க்க வேண்டும். அது செயற்கைக்கோளுக்காகச் செய்த ராக்கெட்; மனிதருக்காக இப்போது திருத்தப்படுகிறது. அதன் இரு பக்கமும் இருக்கும் எஸ்200 திட எரிபொருள் ஊக்கிகளை ஒருமுறை பற்றவைத்தால் அணைக்க முடியாது. ஆகவே ஏதாவது பிசகினால் வீரர்களின் கலத்தை இழுத்துக்கொண்டு வேகமாக விலகும் தப்பிக்கும் அமைப்பு இந்தியாவுக்கு உயிர்நாடி. சீன ராக்கெட்டில் எல்லா நிலைகளிலும் திரவ எரிபொருள், எஞ்சின்களை நிறுத்தலாம். அந்த எரிபொருள் விஷம் என்பது வேறு விஷயம். எல்விஎம்3இன் நடுநிலையில் உள்ள விகாஸ் எஞ்சின்களும் அதே வகை விஷத்தைத்தான் குடிக்கின்றன.

நிலமும் கடலும் திட்டங்களை வேறு வேறாக வளைத்தன. ஜியுசுவான் நாட்டின் உட்பகுதி. ராக்கெட் கிழக்கே சீன நிலத்தின் மேலாகவே ஏறுகிறது. ஷென்ஜோ திரும்பி வந்து இறங்குவதும் உள்மங்கோலியப் புல்வெளியில், ஒரே பெரிய பாராசூட்டில் தொங்கி, தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் சிறு ராக்கெட்டுகளைப் பற்றவைத்து. ஸ்ரீஹரிகோட்டா வங்கக் கடலின் விளிம்பில் இருக்கிறது. ஏறும்போதும் கடல், தப்பினாலும் கடல், திரும்பினாலும் கடல். அதனால் ககன்யானில் பத்துப் பாராசூட்டுகள். மூன்று பெரியவற்றில் ஒன்று விரியாமல் போனாலும் சமாளிக்கலாம். மீட்பு வேலை கடற்படையுடையது. சீனர்கள் சோயுஸைப் பெரிதாக்கி மூன்று பகுதிகளாகக் கட்டினார்கள்; அதைச் சோயுஸின் நகல் என்று ஏளனம் செய்தவர்கள், அதன் முன்பகுதி தனியாகச் சுற்றுப்பாதையில் மாதக்கணக்கில் சோதனை நடத்தியதைக் கவனிக்கவில்லை. இந்தியா கூம்பு வடிவத்தில் சொந்தக் கலத்தை வரைந்தது, இரண்டே பகுதிகள்.

இந்தியாவின் ஆயத்தங்களைத் தேதி வாரியாக அடுக்கினால் ஒரு விநோதம் புலப்படும். 2007 ஜனவரியில் எஸ்ஆர்இ-1 என்ற சிறு கலம் பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு வங்கக் கடலில் பத்திரமாக விழுந்தது. 2014இல் மூன்றே முக்கால் டன் எடையுள்ள மாதிரிக் கலம் எல்விஎம்3இன் முதல் சோதனையில் ஏறி, அந்தமான் அருகே மீட்கப்பட்டது. 2018 ஜூலை 5ஆம் தேதி ஏவுதளத்திலிருந்தே தப்பிக்கும் சோதனையும் நடந்தது. இவை எல்லாம் செங்கோட்டை அறிவிப்புக்கு முந்தியவை. மனிதரை அனுப்ப அரசின் ஒப்புதலே இல்லாத காலத்தில் இஸ்ரோ ஓசைப்படாமல் செய்தது சீனப் பாணிக்கு மிக அருகில் இருந்தது. ஒப்புதல் வந்த பிறகுதான் சத்தம் கூடியது. நான்கு ஆண்டுகளில் முடியும் என்ற கணக்கு எந்த எஞ்சினையும் கேட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. நாட்காட்டியைக் கேட்டுப் போட்டது.

ஆனால் வெளிப்படைத்தன்மைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. 2023 அக்டோபர் 21ஆம் தேதி, தப்பிக்கும் அமைப்பைப் பறக்கவிட்டுப் பார்க்கும் டிவி-டி1 சோதனை, புறப்பட ஐந்து விநாடி இருக்கும்போது கணினியால் நிறுத்தப்பட்டது. நாடே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. பிழையைக் கண்டு சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் கலம் பிரிந்து கடலில் இறங்கியது. இறங்கியபின் அது தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்ததும் மறைக்கப்படவில்லை. இதே போன்ற ஒன்று ஜியுசுவானில் நடந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா? 1999 நவம்பருக்கும் 2002 டிசம்பருக்கும் இடையில் ஆளில்லாமல் போன நான்கு ஷென்ஜோக்களில் எது எவ்வளவு சரியாக இறங்கியது என்பது பற்றி வெளியே வந்தது கொஞ்சமே.

நான்கு ஒத்திகைகளும் சொல்லாத ஒன்றை யாங் லிவெய்யின் உடல் சொன்னது. ராக்கெட் முப்பது நாற்பது கிலோமீட்டர் உயரத்தை எட்டியபோது கலம் கடுமையாக அதிரத் தொடங்கியது. விநாடிக்கு எட்டு முறை அளவிலான அந்த மெதுவான அதிர்வு, மனித உள்ளுறுப்புகள் தாமாகவே அதிரும் வேகத்துக்கு நெருக்கமானது. ஏற்கெனவே பல மடங்கு எடை அழுத்திக்கொண்டிருந்த நெஞ்சில் இதுவும் சேர்ந்தது. இருபத்தாறு விநாடி. செத்துவிட்டோம் என்றே நினைத்ததாக அவர் பிற்பாடு எழுதினார். கீழே கட்டுப்பாட்டு அறையில் திரையில் தெரிந்த அவர் முகம் அசையவில்லை, யாரும் பேசவில்லை. மேலுறை கழன்று, ஜன்னல் வழியே வெளிச்சம் பாய்ந்து, அவர் கண் சிமிட்டியபோதுதான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அங்கே ஒருவர் கத்தினார். ராக்கெட் நெடுக ஓடிய அந்த நடுக்கத்தைப் பொறியாளர்கள் பின்னர் ஆராய்ந்து மாற்றங்கள் செய்தார்கள். 2005இல் ஷென்ஜோ 6 போனபோது பெரிதும் குறைந்திருந்தது. அதற்குப் பின் வரவில்லை. பதினான்கு சுற்றுகள் முடித்து, 21 மணி 23 நிமிடத்தில் அவர் தரை தொட்டபோது ஒலிவாங்கி உதட்டைக் கிழித்திருந்தது. அதுவும் அன்றைக்குச் சொல்லப்பட்ட செய்தியல்ல.

கருவிகள் இருந்தும் ஏன் அந்த அதிர்வின் கடுமை முன்பே பிடிபடவில்லை? எண்கள் பதிவாகியிருக்கலாம், அந்த எண்கள் ஓர் உடலில் என்ன செய்யும் என்பதைக் காலி இருக்கை சொல்லாது. இங்கேதான் இந்தியாவின் வயோமித்ரா வருகிறது. 2020 ஜனவரியில் அறிமுகமான இந்தப் பாதி உடல் ரோபோ, ஆளில்லாப் பயணங்களில் பொத்தான்களை அழுத்தி, கலத்தின் நிலையைக் கவனித்துப் பேசப்போகிறது. புகைப்படத்துக்கு அழகு. ஆனால் அதற்கு நெஞ்சு அடைக்காது.

அதைவிடப் பயனுள்ள காரியம் 2025 ஜூன் 25ஆம் தேதி நடந்தது. ககன்யானுக்காக ரஷ்யாவில் பயிற்சி பெற்ற நான்கு சோதனை விமானிகளில் ஒருவரான ஷுபான்ஷு சுக்லா, ஆக்சியம்-4 பயணத்தில் அமெரிக்க ராக்கெட்டில் ஏறிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் ஜூலை 15ஆம் தேதி திரும்பினார். மற்ற மூவர் பிரசாந்த் நாயர், அங்கத் பிரதாப், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன். ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து வாங்கிய இருக்கை அது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தச் செலவு உறுத்தவில்லை. ராகேஷ் சர்மா திரும்பி வந்தபோது அவர் அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ள இந்தியாவில் ஒரு கலம் வரைபடத்தில்கூட இல்லை. சுக்லா வந்தபோது கலமே கட்டுமானத்தில் இருந்தது. ஏவுதலுக்கு முன் ஃபால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தபோது, முழுமையாகச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று இஸ்ரோ குழு பிடிவாதமாக நின்றது. விருந்தாளி சமையலறைக்குள் வந்து கேள்வி கேட்பது 1984இல் நினைத்துப் பார்க்க முடியாதது.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஷென்ஜோ 5 வரை 1,800 கோடி யுவான் ஆனதாகச் சீனா சொன்னது. ககன்யானுக்கு 2018இல் ஒதுக்கியது ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய், விரிவாக்கத்துக்குப் பின் அது இருமடங்காகி 20,193 கோடி. ராணுவத்தின் கீழ் நடக்கும் திட்டத்துக்கும் குடிமைத் துறையின் கீழ் நடக்கும் திட்டத்துக்கும், இருபது ஆண்டு விலைவாசி இடைவெளியோடு, கணக்குப் போட்டு யார் சிக்கனம் என்று தீர்ப்புச் சொல்வது வீண்வேலை.

கவனிக்க வேண்டியது பயணங்களின் எண்ணிக்கை. 2003இல் ஒருவரை ஒரு நாளுக்கு அனுப்பிய சீனா, 2008இல் கலத்துக்கு வெளியே மனிதரை நடக்கவிட்டு, 2011இல் முதல் ஆய்வுக்கூடத்தை ஏவி, 2022 முடிவில் தியாங்கொங் நிலையத்தைக் கட்டி முடித்தது. 1992இல் எழுதிய மூன்று படிகளும் அப்படியே. அதன் பலன் 2025 நவம்பரில் தெரிந்தது. நிலையத்தில் இருந்த ஷென்ஜோ 20 கலத்தின் ஜன்னலில் விரிசல் தென்பட்டது. விண்வெளிக் குப்பை மோதியிருக்கலாம் என்று ஐயம். அதில் திரும்ப வேண்டிய மூவரும் நவம்பர் 14ஆம் தேதி ஷென்ஜோ 21இல் தரையிறங்கினார்கள். மேலே மிச்சமிருந்தவர்களுக்குத் திரும்பிவரக் கலம் இல்லாமல் போனது. பதினோரு நாளில், யாரும் ஏறாமலே ஷென்ஜோ 22 போய்ச் சேர்ந்தது. ஜியுசுவானில் ஒரு ராக்கெட்டும் ஒரு கலமும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே நடைமுறையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

அந்த விதிக்குப் பின்னால் இருப்பது தொடர்ச்சியான தயாரிப்பு. ககன்யானின் ஆரம்பத் திட்டத்தில் ஆளில்லாத பயணங்கள் இரண்டு, ஆளோடு ஒன்று, அவ்வளவுதான். ஒரே ஒரு மனிதப் பயணத்துக்காகத் திறக்கும் தொழிற்சாலை வரிசையில் உதிரிக் கலத்துக்கு இடமிருக்காது. 2024 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட திருத்தத்தில் இது எட்டுப் பயணங்களாக உயர்ந்தது. 2028 டிசம்பருக்குள் முடிக்க வேண்டும் என்றது. அன்று நாளேடுகள் தலைப்பாக்கியது விண்வெளி நிலையத்தை. எனக்கு அந்த எட்டுதான் பெரிய செய்தி. 2028 என்ற ஆண்டு தள்ளிப்போனாலும் போகட்டும், அந்த எட்டைக் குறைத்துவிடாமல் இருந்தால் சரி. குறைப்பதாக இருந்தால் முதலில் வெட்டு விழப்போவது ஆளில்லாத பயணங்களில்தான். யாங்குக்கு முன் நான்கு பறந்தன, அவையும் அந்த இருபத்தாறு விநாடியைப் பிடிக்கத் தவறின.